காலியாகக் கிடந்த நாற்காலி: எங்கள் வியாபாரிகள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளருக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். அதற்காக இரண்டு முறை சங்கத்துப் படியேறினேன். முதல் முறை தலைவர் அண்ணன் பேங்குக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை எல்லாரும் இருந்தீர்கள். டீ வந்தது, வெள்ளி விலை பேச்சு வந்தது, சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு எழுதினால்தான் வரும் போலிருக்கிறது. சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நம் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சட்டமன்றத் தேர்தலுக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை நம் சேலத்து மண்டபத்தில் நாம் நடத்திய வேட்பாளர் சந்திப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'நாம்' என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறேன். மண்டப வாடகையில் என் பங்கும் உண்டு. அன்று சிரித்தவர்களில் நானும் உண்டு.

நடந்ததை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஐந்து நாற்காலி. மூன்று நிர்வாகிகளுக்கு, இரண்டு வேட்பாளர்களுக்கு. வேட்பாளர் நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளைத் துண்டு போர்த்தி வைத்திருந்தோம். நோட்டீஸில் ஐந்து மணி என்று போட்டோம், முதல் வேட்பாளர் வரும்போது ஆறரை. பத்து நிமிடம் பேசினார். அதில் பாதி நேரம் மேடையில் இருந்தவர்களின் பெயரை வரிசையாகச் சொல்லவே போய்விட்டது. வெள்ளிக்கு ஜிஎஸ்டியை எடுத்துவிடுவேன் என்றார், கைதட்டினோம். குகைப் பகுதியில் கூட்டம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். இன்னொருவர் வரவே இல்லை. அவருடைய மைத்துனர் வந்து பொன்னாடையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். துண்டு போர்த்திய அந்த நாற்காலி கடைசி வரை அப்படியே கிடந்தது.

அதே மண்டபத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால், தண்ணீர் கேனை ஒட்டி ஒரு வேட்பாளர் நின்றுகொண்டிருந்தார். ஐந்து மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். அழைப்பு இல்லாமல் வந்தவர், அதனால் நாற்காலியும் இல்லை. கேள்வி நேரம் என்று அறிவித்ததும் கையைத் தூக்கினார். "கேள்வி உறுப்பினர்களுக்கு மட்டும்தாங்க" என்றார் செயலாளர் தம்பி. "கேள்வி கேக்க வரலீங்க. நானும் வேட்பாளர்தானுங்க, பதில் சொல்ல வந்தேன்" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அவர் பெயரையும் கட்சியையும் எழுத மாட்டேன். எழுதினால் இது ஓட்டுக் கேட்கும் கடிதமாகிவிடும். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் செவ்வாய்ப்பேட்டையிலேயே குடியிருப்பவர், இரண்டு பெரிய அணிகளிலும் சேராத, பதிவு மட்டும் உள்ள ஒரு சிறிய கட்சியின் சார்பில் நிற்கிறார். இன்னமும் நோட்டீஸை டிக்கெட் கட்டு மாதிரி நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டுதான் கொடுக்கிறார்.

அவரை ஏன் கூப்பிடவில்லை என்று அன்றே செயலாளர் தம்பியிடம் கேட்டேன். "ஜெயிக்கிற ஆளைக் கூப்பிட்டால்தானே அண்ணா பிரயோஜனம்? இவர் ஓட்டைப் பிரிக்க நிற்கிறார். வர்றவன் போறவனையெல்லாம் மேடையேற்றினால் விடிஞ்சுடும்" என்றார். மூன்று பதில், மூன்றும் நாம் எல்லாரும் சொல்வதுதான். நானே எத்தனையோ தேர்தலில் சொல்லியிருக்கிறேன்.

'வர்றவன் போறவன்' என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்து மாவட்டத்தில் 1996இல் என்ன நடந்தது என்று மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை நாடு பார்க்கட்டும் என்று கூட்டமாக மனுத் தாக்கல் செய்து, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டு சட்டத்தை இறுக்கினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. பிறகு அதுவும் 10,000 ஆகிவிட்டது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் அந்தப் பணம் திரும்பும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்கு அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இவ்வளவு சல்லடையிலும் சலித்து, மனு ஏற்கப்பட்டு, பட்டியலில் பெயர் வந்த மனிதரை நாம் தண்ணீர் கேன் பக்கத்தில் நிற்க வைத்தோம்.

அந்தப் பத்துக் கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மனுத் தாக்கலுக்கு முன் அவர் என் பட்டறைக்கு வந்திருந்தார். ஒன்பது பேர் ஆகிவிட்டது, நீங்கள் போட்டால் பத்து என்றார். நான் போடவில்லை. சங்கத்தில் இருக்கிறேன், நாலு பேரிடம் வியாபாரம், வேண்டாமே என்று இழுத்தேன். அவர் "பரவாயில்லீங்க" என்று எழுந்தார். கொலுசுக்கு மணி கோர்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், எங்களிடம் வெகுநாளாக வேலை செய்பவர், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து "நானும் இந்தத் தொகுதிதானே, நான் போடலாமா?" என்றார். போட்டார். தினக்கூலிக்கு வருகிற அந்த அம்மாவுக்கு இழக்க என்னைவிடக் குறைவாகவா இருக்கிறது? சரி, அதை விடுங்கள். என் வெட்கம் என்னோடு.

அடுத்தது, 'ஜெயிக்கிற ஆள்'. எப்படி ஜெயிப்பார், சொல்லுங்கள். பெரிய கட்சிக்குச் சின்னம் நாம் பிறக்கும் முன்பே சுவரில் இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் கிடைக்கும். 2021 தேர்தலையே பாருங்கள்: வாபஸ் முடிந்தது மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6, அதற்கு இரண்டு நாள் முன்பே பிரசாரம் ஓய்ந்தது. இரண்டு வாரம்கூட இல்லை. அதற்குள் லட்சக்கணக்கான வாக்காளர்களிடம் தன் சின்னம் எது என்று சொல்லியாக வேண்டும். வாக்காளர் பட்டியல் நகல்கூட அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்குத்தான் இலவசம். இயந்திரத்தில் பெயரும் அவர்களுக்கெல்லாம் கீழேதான் வரும். செலவுக்கு 40 லட்சம் வரை உச்சவரம்பு என்கிறது ஆணையம், இவரிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் ஃபிப்டி. அவருக்குக் கிடைத்த சின்னம் ஒரு சமையலறைச் சாமான். வீட்டில் இருப்பதையே, அடி கருத்துப்போனதை, பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகத் தூக்கிக் காட்டுகிறார். சாயங்காலம் அது சமையலுக்கு வேண்டுமாம், ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புகிறார்.

இந்த நிலையில் உள்ளவரை 'ஜெயிக்க மாட்டார்' என்று சொல்லி மேடையையும் மறுத்தால், பிறகு அவர் ஜெயிக்காமல் போனதையே நாம் சாட்சியாகக் காட்டுவோம்.

ஜெயிக்க மாட்டார் என்ற ஜோசியம் நம் ஊரிலேயே பலித்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தேமுதிக 2006இல் தனியாக நின்றபோது இதே லீ பஜாரில் நாம் பேசாத பேச்சா? அந்த முறை விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர்தான் ஜெயித்தார். ஆனால் மாநிலம் முழுக்க நூற்றுக்கு எட்டு ஓட்டுக்கு மேல் அந்தக் கட்சிக்கு விழுந்திருந்தது. ஐந்து வருடம் கழித்து, கூட்டணியோடுதான், 29 இடம். சேலம் வடக்கும் மேட்டூரும் அதில் அடக்கம். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் அந்தக் கட்சி என்ன ஆனது என்பது வேறு கதை. நான் சொல்வது, 2006இல் சிரித்தவர்கள் 2011இல் மாலையோடு வரிசையில் நின்றதை. அதில் நம் சங்கமும் நின்றது. போட்டோ ஆபீஸ் சுவரில் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது மேட்டூர் பத்மராஜன் ஞாபகம் யாருக்காவது வரும். 1988இலிருந்து எந்தத் தேர்தல் வந்தாலும் மனுப் போடுகிறவர், 'தேர்தல் மன்னன்' என்று பெயரே வாங்கிவிட்டவர். அவர் தோற்பதற்கென்றே நிற்கிறார், அதை அவரே சொல்கிறார். அவருக்குக்கூட 2011இல் மேட்டூரில் ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டு விழுந்தது. நம் நடத்துநர் அந்த ரகம் இல்லை. ஜெயிக்க முடியும் என்று நிஜமாகவே நம்புகிறார், பாவம்.

இனி, 'ஓட்டைப் பிரிக்கிறார்'. இதில் விஷயம் இல்லாமல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நம் முறையில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்று இல்லை, அடுத்தவரைவிட ஒரு ஓட்டு அதிகம் வாங்கினால் போதும். 2021இல் நம் மாவட்டத்து மேட்டூரில் பாமக ஜெயித்தது 656 ஓட்டில். அதற்கும் முந்தைய தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. இப்படிப்பட்ட இடத்தில் மூன்றாவதாக வந்தவருக்கு விழுந்த ஓட்டு அதைப்போலப் பல மடங்கு இருக்கும். தோற்றவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் 'பிரிப்பது' என்றால் என்ன அர்த்தம்? பாகப்பிரிவினைக்கு முதலில் சொத்து ஒருவருடையதாக இருக்க வேண்டும். மூன்றாமவருக்குப் போட்ட ஓட்டு, அவர் நிற்காவிட்டால் யாருக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த வாக்காளர் அன்று வீட்டிலேயே படுத்திருக்கலாம்.

இல்லை, வீட்டில் படுக்காமல் வந்து வேறு ஒன்றும் செய்யலாம். நம் கண்ணெதிரில் தெரிகிற மலையைக் கேட்டால் சொல்லும். 2013 டிசம்பர் 4, ஏற்காடு இடைத்தேர்தல். யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்ய இயந்திரத்திலேயே ஒரு பொத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த செப்டம்பரில்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த நோட்டா பொத்தான் முதன்முதலாக வந்தது ஏற்காட்டில். அதிமுகவும் திமுகவும் நின்றன, மற்றப் பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன. கூட நின்றவர்கள் பெரும்பாலும் பேர் தெரியாத சுயேச்சைகள். ஓட்டுப்பதிவு 89 சதவீதத்தைத் தாண்டியது, அதிமுக 78,116 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தப் புதுப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தியவர்கள் 4,431 பேர். வாழப்பாடியிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் மலைமேல் கிராமங்களிலும் காலையிலேயே வரிசையில் நின்று, இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். மூன்றாவது நாற்காலியை நாம் போடாவிட்டால், ஜனம் அந்தக் காலி நாற்காலிக்கே ஓட்டுப் போட்டுவிட்டுப் போகும்.

சரி, அன்று இரவு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கூட்டம் முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டிருந்தார். காரச் சட்னி குறைவாகப் போடச் சொன்னார், பிரசாரத்தில் தொண்டை கட்டியிருந்தது. மண்டபத்தில் என்ன பதில் சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன்.

ஜிஎஸ்டி பேச்சை அவர்தான் எடுத்தார். வெள்ளி நகைக்கு 3 சதவீதம், கூலி வேலைக்கு 5 சதவீதம் என்று கணக்குத் தெரிந்து வைத்திருந்தார். "இதை எடுக்கறேன்னு எந்த எம்எல்ஏ சொன்னாலும் நம்பாதீங்க. ஜிஎஸ்டி கவுன்சில்ல உட்கார்றது மந்திரிங்க. நான் சட்டசபையில பேசலாம், மனுக் கொடுக்கலாம். அவ்வளவுதான் என்னால ஆகும்" என்றார். நாம் ஒரு மணி நேரம் முன்பு கைதட்டியது எதற்கு என்று யோசித்தேன். தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு மூன்று கோடி, அது எந்தத் தெருவுக்கு எவ்வளவு போனது என்று வருஷா வருஷம் போர்டு எழுதிப் பேருந்து நிறுத்தத்தில் வைப்பேன் என்றார். நடத்துநர் புத்தி, கணக்கு முடிக்காமல் வீட்டுக்குப் போக வராது.

அடுத்துச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. நம் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்டேன். சாக்கடை அடைப்பதற்கு மாநகராட்சி ஒரு காரணம், பட்டறைக்காரர்கள் இன்னொரு காரணம் என்றார். "ஆசிட் கழுவின தண்ணிய நீங்க எங்கே ஊத்தறீங்க? சேர்வராயன் மலையில பொறந்து வர்ற திருமணிமுத்தாறு நம்ம ஊருக்குள்ள எந்த நிறத்துல ஓடுது? அதுல உங்க பங்கும் இருக்கு, என் வீட்டுப் பங்கும் இருக்கு. பட்டறைக்குப் பொதுவா ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கேட்டு வாங்கலாம், ஆனா முதல்ல ஊத்தறதை நிறுத்தணும்." ஓட்டுக் கேட்க வந்தவன் வாக்காளர் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்வானா? எனக்குக் கோபம் வந்தது, செட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், இந்த நாற்பது வருடத்தில் ஒரு வேட்பாளர் என்னிடம் பேசிய முதல் உருப்படியான பேச்சு அது என்று பட்டது.

அவர் சொன்ன எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. பேருந்துக் கட்டணம் பற்றி அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, தொட்டிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கும் பதில் வழுக்கியது. யாருக்குப் போடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவுமில்லை. நம் தொழிலில் கட்டி வெள்ளியை யார் கொண்டுவந்தாலும், மாமன் மச்சானே ஆனாலும், டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று, பார்க்காமல் வாங்குகிறோமா? பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது வேறு. நாம் அவரைப் பார்க்கவே இல்லை.

நேரம் இல்லை என்றீர்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நம் தொகுதியில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் எழுபது நிமிடம். முதல் வேட்பாளர் வருவார் வருவார் என்று நாம் காத்திருந்ததே தொண்ணூறு நிமிடம்.

அதனால் ஒரு யோசனை. பிரசாரம் ஓய இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமை மிச்சம் இருக்கிறது. மண்டபம் வேண்டாம், சங்கத்து மாடியே போதும். பட்டியலில் உள்ள பதினான்கு பேருக்கும் ஒரே மாதிரி கடிதம் அனுப்புவோம். ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு, இரண்டு கேள்வி. பெரிய கட்சிக்காரர்களும் வரட்டும், வந்தால் வரிசையில் உட்காரட்டும். பொன்னாடை யாருக்கும் வேண்டாம், மிச்சமாகும் பணத்தில் டீயும் தட்டுவடையும் சொல்லிவிடலாம். கூப்பிடுவதில்லை என்றே முடிவு செய்தாலும் சரி, 'ஜெயிக்கிறவர்களை மட்டுமே அழைப்பது' என்று தீர்மானமாக மினிட் புத்தகத்தில் எழுதி, நிர்வாகக் குழு கையெழுத்துப் போடட்டும். என் கையெழுத்தை மட்டும் கேட்க வேண்டாம். கேட்ட இடத்தில் போடாமல் விட்டது ஒன்று ஏற்கெனவே பாக்கி இருக்கிறது.

மாடி அறையின் இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது, போன ஆடித் திருவிழாவுக்கு வாங்கியது. செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கே வந்து கூட்டி வைக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி பதினான்குக்கும் வாடகை என் கணக்கு. யாராவது வராவிட்டால் அவர் நாற்காலியை உடனே மடக்கி உள்ளே வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
சங்கத்தின் பழைய உறுப்பினன், கொலுசுப் பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்